எட்டு ஜிபி லேப்டாப்புல எல்எல்விஎம் கட்டி, நம்ம சொந்த பாஸ் ஒண்ணு சொருகி, பேட்ச் அனுப்புற வரைக்கும்: முழு வழிகாட்டி

போன மாசம் எங்க தாமான்ல (குடியிருப்புல) இருக்குற தம்பி ஒருத்தன், போலிடெக்னிக் படிக்கிறவன், லேப்டாப்ப தூக்கிட்டு வாசல்ல வந்து நின்னான். “ணே, ராத்திரி பூரா ஓட விட்டேன், காலைல பாத்தா மவுஸ் கூட நகரல, மெஷின் செத்துருச்சா?”ன்னான். செத்தெல்லாம் போகல. ஏதோ வீடியோ பாத்து எல்எல்விஎம் (கம்பைலர், அதாவது நாம எழுதுற கோட மெஷின் கட்டளையா மாத்துற ப்ரோகிராம், அத செய்யுறதுக்கான டூல் தொகுப்பு) கட்டியிருக்கான், டீபக் பில்ட் (தப்பு தேட கூடுதல் தகவல் சேத்துக் கட்டுறது), உலகத்துல இருக்குற அத்தனை டார்கெட்டும் (எந்த சிப்புக்கு கோடு ஆக்கணுமோ அது), கிளாங், டீபக்கர், ஃபோர்ட்ரான் எல்லாம் சேத்து, எட்டு ஜிபி மெமரில. கடைசி வரி என்னன்னு பாத்தா “கலெக்ட்2: எல்டி டெர்மினேட்டட் வித் சிக்னல் 9, கில்ட்”. நாலு லிங்க் வேலை (கம்பைல் ஆன துண்டுகள ஒண்ணா ஒட்டுறது) ஒரே நேரத்துல ஓடியிருக்கு, கெர்னல் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஒண்ண வெட்டிருச்சு.

அன்னிக்கு அவனுக்கு உக்காந்து சொன்னத அப்படியே எழுதிடலாம்னுதான் இது. நான் இருக்குறது மலேசியாவுல, பாடாங் செராய், கெடா. அப்பா ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவரு, இப்போ அந்தத் தோட்டத்துல பாதி செம்பனை ஆயிருச்சு. நான் கூலிம் பக்கம் ஃபேக்டரில ஷிப்ட் வேலை, கம்பைலர் நோண்டுறது ராத்திரி வேலை. சொந்தக்கார மாமா ஒருத்தர் கிட்ட “கம்பைலர் வேலை பாக்குறேன்”னு சொன்னதுக்கு “கம்பியா? வெல்டிங்ல இறங்கிட்டியா?”ன்னு கேட்டாரு, அவர் மேல தப்பு சொல்ல முடியாது.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன். இத ஹென்போன்ல தமிழ் கீபோர்டுல அடிக்கிறதால கமாண்ட் பேரெல்லாம் உச்சரிக்கிற மாதிரியே எழுதியிருக்கேன், நீங்க டெர்மினல்ல ஆங்கில எழுத்துல போட்டுக்குங்க. சிமேக் (கட்டுறதுக்கு திட்டம் போடுற டூல்) ஆப்ஷன் எல்லாம் பெரிய எழுத்து, வார்த்தைக்கு நடுவுல அடிக்கோடு, முன்னாடி மைனஸ் டி.

இது என்ன சாமான்

எல்எல்விஎம் 2000 கடைசில இலினாய் யூனிவர்சிட்டில கிறிஸ் லாட்னரும் அவரோட பேராசிரியர் விக்ரம் ஆட்வேயும் ஆரம்பிச்சது, முதல் ரிலீஸ் 2003. இன்னிக்கு கிளாங், ரஸ்ட், ஸ்விஃப்ட், ஜூலியா எல்லாம் இது மேலதான் நிக்குது. ஏன் இத்தனை மொழி இதுல வந்து ஒட்டுச்சுன்னு கேட்டா எங்க ஊர் ஆளுங்களுக்கு பால் ஸ்டோர சொன்னா போதும். காலைல எந்த வெட்டுல இருந்து பால் வந்தாலும், எந்த வகை மரமா இருந்தாலும், தொட்டில ஊத்துன பிறகு எல்லாம் ஒரே பால். அதுக்கப்புறம் வடிகட்டுறது, தண்ணி கலக்குறது, ஆசிட் ஊத்தி உறைய வைக்கிறது எல்லாம் ஒரே எடத்துல நடக்கும், அப்புறம் ஷீட்டா போகுதா வேற எதுவா போகுதான்னு கடைசில பிரியும். அந்தத் தொட்டிப் பால்தான் ஐஆர், மொழிக்கும் மெஷினுக்கும் நடுவுல இருக்குற வடிவம். மொழிய படிச்சு ஐஆர் ஆக்குறது முன்பக்கம், ஐஆர இன்டெல், ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ்னு அந்தந்த சிப்புக்குரிய கோடா மாத்துறது பின்பக்கம், நடுவுல தொட்டில நடக்குற ஒவ்வொரு வேலையும் ஒரு பாஸ். வரிசையும் முக்கியம், ஆசிட் ஊத்தி உறைஞ்ச பிறகு வடிகட்ட முடியாதுல்ல, அந்த மாதிரிதான் பாஸ் வரிசையும்.

மெஷினும் லைனும்

எட்டு ஜிபி போதும், பதினாறு இருந்தா நிம்மதி. டிஸ்க்தான் பாக்கணும், கிளாங்கோட சேத்து டீபக் பில்ட் போட்டா 15-20 ஜிபி முழுங்கும், ரிலீஸ் பில்ட் அதுல கொஞ்சம்தான். உபுண்டு இருந்தா நல்லது, விண்டோஸ்காரங்க டபிள்யூஎஸ்எல் (விண்டோஸ்குள்ள லினக்ஸ் ஓட்டுற வசதி) போட்டுக்குங்க, ஆனா சோர்ஸ சி டிரைவ்ல வெக்காதீங்க, லினக்ஸ் பக்கத்து ஃபோல்டர்ல வெய்யுங்க, இல்லன்னா ஃபைல் படிக்கிறதுக்கே பொழுது போயிரும். சிமேக், நின்ஜா (சிமேக் போட்ட திட்டப்படி கட்டுறது), கிளாங் (சி கம்பைலர்), எல்எல்டி (லிங்கர்), சிகேஷ் (ஒரு தடவ கம்பைல் பண்ணத சேத்து வெக்கிறது), பைத்தான் இதெல்லாம் உபுண்டுவோட ஏபிடில இருந்து இறக்கிடுங்க. சிமேக் 3.20க்கு கீழ இருந்தா ஆரம்பத்துலயே மூக்க உடைக்கும்.

சோர்ஸ் கிட்ஹப்ல ஒரே ரெப்போல இருக்கு, 2019ல இருந்து எல்லா ப்ராஜெக்ட்டும் ஒண்ணா. முழு வரலாறும் இறக்குனா லட்சக்கணக்குல கமிட் (பதிவு பண்ண மாத்தம்) வரும், ஹென்போன் ஹாட்ஸ்பாட்ல அத பண்ணீங்கன்னா டேட்டா பிளான் அன்னிக்கே அம்பேல். கிட் குளோன் போடுறப்போ டெப்த் 1 குடுத்துடுங்க, கடைசி நிலை மட்டும் வரும், பின்னாடி பைசெக்ட் (எந்த கமிட்ல தப்பு வந்துச்சுன்னு பாதி பாதியா தேடுறது) பண்ற தேவை வந்தா, ஃபைபர் இருக்குற வீட்டுல உக்காந்து அன்ஷாலோ போட்டு மீதி வரலாற இழுத்துக்கலாம். நான் அப்படித்தான் அக்கா வீட்டுல போய் பண்ணேன்.

கன்ஃபிகர்: இங்கதான் பாதி பேர் விழுறாங்க

இந்த டூல்செயின்ல உங்க நேரத்த தின்னுறது கோடு எழுதுறது இல்ல, காத்திருக்கிறது. ஒரு வரி மாத்துறதுக்கும் அதோட விளைவ பாக்குறதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்ங்கிறதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணும், அது ரெண்டு நிமிஷமா இருந்தா கத்துக்குவீங்க, நாப்பது நிமிஷமா இருந்தா ரெண்டு வாரத்துல விட்டுட்டு வேற வேலைக்கு போயிருவீங்க. கீழ சொல்ற ஒவ்வொரு ஆப்ஷனும் அந்த நேரத்த குறைக்கிறதுக்குத்தான்.

மேல்மட்ட ஃபோல்டர்ல நின்னுக்கிட்டு “சிமேக் -எஸ் எல்எல்விஎம் -பி பில்ட் -ஜி நின்ஜா”. சோர்ஸ் உள்ள இருக்குற எல்எல்விஎம் ஃபோல்டர்தான் -எஸ்க்கு போகணும், ரெப்போவோட வேர குடுத்தா சிமேக்குக்கு ஒண்ணும் புரியாது. மேக்ங்கிற பழைய டூல் வேணாம், நின்ஜாவே போடுங்க.

சிமேக் பில்ட் டைப் ரிலீஸ். பழைய வெர்ஷன்ல இத குடுக்காம விட்டா தன்னால டீபக்குக்கு போயிரும், தம்பி பாத்த வீடியோ அந்தக் காலத்துது. இப்போ குடுக்கலன்னா எர்ரர் அடிச்சு நிக்கும், அது நல்லதுக்குத்தான்.

ரிலீஸ் போட்டா அசெர்ஷன் (கோட்டுக்குள்ளயே இருக்குற சோதனை வரிகள்) ஆஃப் ஆயிரும், அதனால எல்எல்விஎம் இனேபிள் அசெர்ஷன்ஸ் ஆன்னு தனியா குடுக்கணும். இத மறக்காதீங்க. அசெர்ஷன் இல்லாத எல்எல்விஎம்ல தப்பு பண்ணீங்கன்னா சத்தமே இல்லாம கோணலா கோடு வரும், அசெர்ஷன் இருந்தா எந்த ஃபைல், எந்த வரி, என்ன தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு சாகும். டீபக்-ஒன்லி ஃப்ளாக்கும் அசெர்ஷன் பில்ட்லதான் வேலை செய்யும்.

எல்எல்விஎம் டார்கெட்ஸ் டு பில்ட்ல எக்ஸ்86 (இன்டெல் வகை) மட்டும், இல்ல கூட ரிஸ்க்-ஃபைவ். ரெண்டு டார்கெட்டுக்கு நடுவுல அரைப்புள்ளி போடணும், போட்டீங்கன்னா மொத்தத்தையும் மேற்கோள் குறிக்குள்ள வெய்யுங்க, இல்லன்னா ஷெல் அத கமாண்ட் முடிஞ்சதுன்னு நெனச்சிரும். இனேபிள் ப்ராஜெக்ட்ஸ் காலியாவே விடுங்க. ஆமா, கிளாங் வேணாம். நம்ம பாஸ் எழுத ஆப்ட் டூல் (ஐஆர் மேல பாஸ ஓட்டுறது) போதும், சி கோட்ல இருந்து ஐஆர் எடுக்க ஏபிடில இறக்குன கிளாங் போதும். தம்பி இத கேட்டுட்டு “கிளாங் இல்லாம எப்படிணே அது கம்பைலர்?”னு மொறச்சான். கட்டி முடிச்ச பிறகு பேசுவோம்டான்னேன்.

யூஸ் லிங்கர் எல்எல்டி, பேரலல் லிங்க் ஜாப்ஸ் 1. அவன் மெஷின் உறைஞ்சதுக்கு மருந்து இந்த ஒரு வரிதான், கம்பைல் நாலு ஓடட்டும், லிங்க் ஒண்ணு ஒண்ணா ஓடட்டும். லிங்கர்தான் மெமரிய குடிக்கிறது. சிகேஷ் பில்ட் ஆன். டீபக் வேணும்னே அடம் பிடிக்கிறவங்க ஸ்ப்ளிட் ட்வார்ஃப் ஆன், ஆப்டிமைஸ்ட் டேபிள்ஜென் ஆன் போட்டுக்குங்க, ஓரளவு தாங்கும்.

கட்டுறது, இடிக்கு பயப்படுறது

“நின்ஜா -சி பில்ட் ஆப்ட் எல்எல்சி ஃபைல்செக் நாட் கவுண்ட்”. மொத்தமா நின்ஜான்னு மட்டும் அடிச்சா நீங்க வாழ்க்கைல தொடாத டூல் எல்லாம் கட்டும். ஆரம்பிக்க இந்த அஞ்சு போதும், எல்எல்சி ஐஆர சிப்புக்குரிய கோடா மாத்தும், கடைசி மூணும் டெஸ்டுக்கு. என் பழைய நாலு கோர் மெஷின்ல சாயங்காலம் ஆரம்பிச்சா மாமாக் கடைக்கு போய் ரொட்டி சானாய், தே தாரிக் ரெண்டு ரவுண்ட், பந்து மேட்ச் ஒண்ணு பாத்துட்டு வந்தா முடியுற நேரத்துல நிக்கும். அடுத்த தடவைல இருந்து சிகேஷ் காப்பாத்தும்.

எங்க ஊர்ல மத்தியானத்துக்கு மேல இடி இடிச்சா கரண்டு போறது வழக்கம், லேப்டாப் பேட்டரி ஏற்கனவே சாக கெடக்கும். நடுவுல நின்னா பரவால்ல, நின்ஜா விட்ட எடத்துல இருந்து தொடரும். ஆனா ஒரு தடவ கரண்டு போய் வந்த பிறகு தொடர்ந்தேன், கடைசில லிங்க்ல “ஃபைல் ஃபார்மட் தெரியல”ன்னு ஒரே கத்தல். ரெண்டு நாள் சோர்ஸ்ல தேடினேன். கடைசில பாத்தா கரண்டு போன செகண்ட்ல எழுதிக்கிட்டிருந்த மூணு ஆப்ஜெக்ட் ஃபைல் 0 பைட்டுல கெடக்கு, நின்ஜா அது முடிஞ்சதுன்னு நெனச்சு தொடவே இல்ல. ஃபைண்ட் கமாண்ட்ல சைஸ் 0, பேர் புள்ளி ஓன்னு தேடி அழிச்சிட்டு மறுபடி நின்ஜா அடிச்சா சரியாயிரும். இப்போ மழை இருட்டிக்கிட்டு வந்தாலே கன்ட்ரோல்-சி அடிச்சிடுவேன், நாமளா நிறுத்துனா அரைகுறை ஃபைல நின்ஜாவே தொடச்சிட்டுப் போகும்.

ஐஆர கையால எழுதிப் பாருங்க

பாஸ் எழுதுறதுக்கு முன்னாடி ஐஆர் கண்ணுக்குப் பழகணும். சி ஃபைல் ஒண்ணு எழுதி கிளாங்க -எஸ், எமிட் எல்எல்விஎம், ஓ1 (லேசான ஆப்டிமைசேஷன்) போட்டு ஓட விட்டா புள்ளி எல்எல் ஃபைல் வரும், திறந்து படிங்க. அதுக்கப்புறம் சின்ன ஃபைல கையாலயே எழுதுங்க. ஒரு ஃபங்ஷன், அதுக்குள்ள ரெண்டே வரி:

%ஆர் = மல் ஐ32 %எக்ஸ், 8
ரெட் ஐ32 %ஆர்

அவ்வளவுதான். எக்ஸ எட்டால பெருக்கி திருப்பிக் குடு. ஐ32ன்னா 32 பிட் எண். ஒவ்வொரு பேரும் ஒரே ஒரு தடவதான் மதிப்பு வாங்கும், மறுபடி ஒதுக்க முடியாது, அதனாலதான் ஆப்டிமைசருக்கு வேலை சுலபம்.

இதுல ஒரு வேடிக்கை. சி கோட்ல ஃபங்ஷனுக்கு தமிழ்லயே பேர் வெக்கலாம், கிளாங் சந்தோஷமா ஏத்துக்கும். நான் “பால்”னு ஒண்ணு வெச்சேன். ஐஆர்ல பாத்தா மேற்கோள் குறிக்குள்ள பேக்ஸ்லாஷ் போட்டுப் போட்டு ஏதோ பாம்பு மாதிரி ஒரு வரி. கண்ணுக்கு ரெண்டு எழுத்து, யூனிகோட் கணக்குல ப, துணைக்கால், ல, புள்ளின்னு நாலு, ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8ல 3 பைட், ஆக 12 பைட்டும் பதினாறடிமான எண்ணுல வரிசையா நிக்குது. கோடு என்னமோ ஒழுங்கா ஓடுச்சு. டெஸ்ட் ஃபைல்ல மட்டும் இப்படி வெக்காதீங்க, படிக்கிறவன் திட்டுவான்.

பழைய பாடம் பாத்து எழுதுறவங்க ஒண்ணு கவனிங்க: முன்ன ஐ32 நட்சத்திரம்னு பாயிண்டர் வகை எழுதுவாங்க. 15ல இருந்து வெறும் பிடிஆர்தான், 17ல பழசு மொத்தமா போயிருச்சு. நட்சத்திரம் போட்ட கோட பாத்தா அந்தப் பக்கத்த மூடிடுங்க, உள்ள இருக்குற மத்ததும் பழசாத்தான் இருக்கும்.

சொந்த பாஸ்

நம்ம பாஸ் என்ன பண்ணும்னா, ரெண்டோட அடுக்கால பெருக்குற எடத்துல எல்லாம் பெருக்கல தூக்கிட்டு இடதுபக்கம் நகர்த்துறத போடும். எட்டால பெருக்குறதும் மூணு பிட் நகர்த்துறதும் ஒண்ணுதான. எல்எல்விஎம்ல இன்ஸ்ட்கம்பைன்ங்கிற பாஸ் ஏற்கனவே இத செய்யுது, நாம பழகுறதுக்காக மறுபடி எழுதுறோம், அப்போதான் நம்ம விடைய அதோட விடையோட ஒப்பிட்டுப் பாக்கலாம்.

எல்எல்விஎம் சோர்ஸுக்குள்ள எழுத வேணாம், வெளிய தனி ஃபோல்டர்ல பிளகினா எழுதுங்க. பாஸ்இன்ஃபோமிக்ஸின்ல இருந்து ஒரு ஸ்ட்ரக்ட், அதுல ரன்னு ஒரு ஃபங்ஷன், அது ஐஆர் ஃபங்ஷனையும் அனாலிசிஸ் மேனேஜரையும் (கோட பத்தி போட்டு வெச்ச கணக்குகள வெச்சிருக்கிறது) வாங்கி ப்ரிசர்வ்ட் அனாலிசிஸ்னு ஒண்ண (அந்தக் கணக்குல எது இன்னும் செல்லும்னு சொல்றது) திருப்பிக் குடுக்கும். கூட எல்எல்விஎம் கெட் பாஸ் பிளகின் இன்ஃபோங்கிற ஃபங்ஷன் ஒண்ணு, ஆப்ட் உங்க பிளகின திறந்தவுடனே இதத்தான் தேடும், அதுக்குள்ள “இந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டா என் பாஸ போடு”ன்னு ரெஜிஸ்டர் பண்ணணும். சிமேக்ல எல்எல்விஎம் டிர்ங்கிறத உங்க பில்ட் ஃபோல்டருக்குள்ள இருக்குற லிப், சிமேக், எல்எல்விஎம் வழிக்கு காட்டணும். காட்டலன்னா அது நேரா சிஸ்டத்துல ஏபிடி இறக்குன எல்எல்விஎம்ம புடிச்சிக்கும், அதுக்குக் கட்டுன பிளகின நீங்க உங்க ஆப்ட்ல ஏத்துவீங்க, அன்டிஃபைண்ட் சிம்பல்னு கத்தும். பேர்ல ஏபிஐ பிரேக்கிங் செக்ஸ்னு வந்தா ஒண்ணு அசெர்ஷனோட கட்டுனது இன்னொண்ணு இல்லாம கட்டுனதுன்னு அர்த்தம். டைப்இன்ஃபோன்னு வந்தா ஆர்டிடிஐ (ஓடும்போது வகைய கண்டுபிடிக்கிற சி ப்ளஸ் ப்ளஸ் வசதி) பிரச்சனை, எல்எல்விஎம் சாதாரணமா ஆர்டிடிஐ இல்லாமத்தான் கட்டப்படுது, உங்க பிளகினையும் அப்படியே கட்டணும். இந்த மூணு எர்ரரும் எனக்கு ஒரே வாரத்துல வந்துச்சு.

ரன்குள்ள வேலை சுலபம். ஒவ்வொரு பேசிக் பிளாக் (நடுவுல கிளை பிரியாத கட்டளை வரிசை), அதுக்குள்ள ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷன். பேட்டர்ன்மேட்ச்னு ஒரு வசதி இருக்கு, “இது மல்லா, ஒரு பக்கம் ஏதோ ஒரு மதிப்பு, இன்னொரு பக்கம் மாறாத எண்ணா”ன்னு ஒரே வரில கேக்கலாம். எண் ரெண்டோட அடுக்கான்னு ஏபிஇன்ட்ட (எல்எல்விஎம்மோட எண் வகை) கேளுங்க, ஆமான்னா லாக் பேஸ் 2 எடுத்து ஷெல் (எஸ்-எச்-எல், இடதுபக்கம் நகர்த்துற இன்ஸ்ட்ரக்ஷன், டெர்மினல் ஷெல் இல்ல) ஒண்ணு உருவாக்கி, பழசோட பயனர் எல்லாரையும் புதுசுக்கு மாத்தி, பழச அழிச்சிடுங்க. அழிக்கிறப்போ கவனம், லூப் நடந்துக்கிட்டிருக்கும்போதே நிக்கிற கிளைய வெட்டுற கதைதான், அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனுக்கு போறதுக்கு கையில இருந்த பிடி போயிரும். மேக் ஏர்லி இன்க் ரேஞ்சுன்னு ஒண்ணு இருக்கு, அது அடுத்தத முன்னாடியே புடிச்சு வெச்சிக்கும், அதுக்குள்ள சுத்துங்க. எதையும் மாத்தலன்னா ப்ரிசர்வ்ட் அனாலிசிஸ் ஆல், மாத்தியிருந்தா நன். மாத்திட்டு ஆல்னு பொய் சொன்னா அப்பவே ஒண்ணும் ஆகாது, உங்களுக்குப் பின்னாடி வர்ற அப்பாவி பாஸ் பழைய கணக்க நம்பி எங்கயோ போய் முட்டும், நீங்க அந்த பாஸ்லதான் பக்குன்னு நெனச்சு சுத்துவீங்க.

ஆப்ட்ல லோட் பாஸ் பிளகின் குடுத்து, பாசஸ்ல உங்க பாஸ் பேர் குடுத்து, கையால எழுதுன ஃபைல ஓட விடுங்க. மல் 8 போய் ஷெல் 3 வந்திருந்தா ஒரு தே குடிச்சிட்டு வாங்க.

தம்பி இந்த எடத்துல மாட்டுனது சுவாரசியம். கையால எழுதுன ஃபைல்ல வேலை செஞ்சிருச்சு, சி கோட்ல இருந்து எடுத்த ஐஆர்ல ஒரு மாத்தமும் இல்ல. “ணே, பாஸ் ஓடவே இல்ல போலணே, பிரிண்ட் போட்டும் வரல.” ஐஆர காட்டுடான்னேன். கீழ அட்ரிபியூட் வரிசைல ஆப்ட்நன்னு ஒரு வார்த்தை குந்திக்கிட்டு இருந்துச்சு. கிளாங்க ஓ0ல (ஆப்டிமைசேஷன் இல்லாம) ஓட்டுனா ஒவ்வொரு ஃபங்ஷன் மேலயும் “இத ஆப்டிமைஸ் பண்ணாத”ன்னு முத்திரை குத்திடும், பாஸ் மேனேஜர் அத பாத்துட்டு உங்க பாஸ தாண்டிப் போயிரும், ஒரு வார்த்தை கூட சொல்லாது. எக்ஸ்கிளாங், டிஸேபிள் ஓ0 ஆப்ட்நன்னு குடுத்து எடுத்தா முத்திரை இருக்காது. உங்க பாஸ் கட்டாயம் ஓடியே ஆகணும்னா ஸ்ட்ரக்ட்ல ஈஸ் ரிக்வயர்ட்னு ஒரு ஃபங்ஷன் வெச்சு ட்ரூ குடுக்கலாம், ஆனா நம்மளது மாதிரி ஆப்டிமைசேஷனுக்கு அது நாகரிகம் இல்ல.

கொடி ஒண்ணு, கவிழ்ந்தது நான்

இப்போ நான் வழுக்குன எடம். மல்லுக்குப் பின்னாடி என்எஸ்டபிள்யூன்னு ஒரு கொடி நிக்கலாம், “ப்ளஸ்-மைனஸ் குறியோட பாத்தா விடை எடத்த மீறி வழியாது”ங்கிற சத்தியம் அது. சத்தியம் பொய்யானா விடை பாய்சன், விஷம், அத நம்பி எதுவும் செய்யக் கூடாது. மல்லுல கொடி இருந்தா ஷெல்லுக்கும் அதே கொடிய மாட்டிடலாம்னு நான் எழுதிட்டேன், பாக்க நியாயமாத்தான் தெரிஞ்சுச்சு.

8 பிட்ல பாருங்க, மைனஸ் 128ல இருந்து 127 வரைக்கும்தான் எடம். எக்ஸ மைனஸ் 128ஆல பெருக்கு, கொடியோட. மைனஸ் 128ஓட பிட்டு 1க்கு பின்னாடி ஏழு பூஜ்யம், அதனால ஏபிஇன்ட் அதையும் ரெண்டோட அடுக்குன்னுதான் சொல்லும், என் பாஸ் அத ஷெல் 7 ஆக்குச்சு. எக்ஸ் 1ன்னு வைங்க. பெருக்கல்ல 1 தரம் மைனஸ் 128, விடை மைனஸ் 128, எடத்துக்குள்ள அடங்குது, சத்தியம் காப்பாத்தப்பட்டுச்சு. ஷெல்ல 1அ ஏழு எடம் நகர்த்துனா அதே பிட்டுதான் வருது, ஆனா ஷெல்லோட சத்தியம் வேற: வெளிய தள்ளப்பட்ட பிட் எல்லாம் விடையோட குறி பிட்டோட ஒத்துப் போகணும். தள்ளப்பட்டதெல்லாம் 0, குறி பிட் 1. சத்தியம் உடஞ்சுச்சு, விடை விஷம். ஒழுங்கா இருந்த ப்ரோகிராம நான் கெடுத்துட்டேன். இன்ஸ்ட்கம்பைன் கோட போய் பாத்தா, நகர்த்துற அளவு அகலத்துல ஒண்ணு கம்மியா இருந்தா கொடிய விட்டுடுறாங்க. எனக்கு முன்னாடி யாரோ இதே குழில விழுந்திருக்காங்க.

இத நான் யோசிச்சுக் கண்டுபிடிக்கல, ஆலைவ்2 கண்டுபிடிச்சுது. நூனோ லோப்பெஸ், யூட்டா யூனிவர்சிட்டி ஜான் ரெகெர் கூட்டம் பண்ண டூல், மாத்துறதுக்கு முன்னாடி ஒரு ஐஆர், மாத்துன பிறகு ஒரு ஐஆர் குடுத்தா கணித ரீதியா சரியான்னு பாத்து சொல்லும், தப்புன்னா எந்த எண்ணுல உடையுதுன்னு உதாரணத்தோட சொல்லும். எனக்கு “டார்கெட் ஈஸ் மோர் பாய்சனஸ் தேன் சோர்ஸ்”னு வந்துச்சு, கீழ எக்ஸுக்கு ஒரு மதிப்பு போட்டிருந்தாங்க. இறக்கிக் கட்ட வேணாம், பிரவுசர்லயே இருக்கு. 2011ல ரெகெர் கூட்டமே சிஸ்மித்னு ஒண்ண வெச்சு கம்பைலருங்கள்ல முன்ன யாருக்கும் தெரியாத 325க்கு மேல பக் கண்டுபிடிச்சு ரிப்போர்ட் பண்ணாங்க, அதனால கம்பைலர் தப்பே பண்ணாதுங்கிற நெனப்ப விட்டுடுங்க.

பெரிய ப்ரோகிராம்ல விடை தப்பா வருது, எந்த பாஸ்னு தெரியலன்னா ஆப்ட் பைசெக்ட் லிமிட்னு ஒரு எண் குடுக்கலாம், அத்தனாவது பாஸோட நிறுத்திக்கும், பாதி பாதியா குறைச்சு வந்தா குற்றவாளி மாட்டுவான். அப்புறம் எல்எல்விஎம் ரெடியூஸ், ஆயிரம் வரிய பத்து வரி ஆக்கிக் குடுக்கும்.

பின்பக்கம் போக ஆசைப்படுறவங்களுக்கு

ரிஸ்க்-ஃபைவ் பின்பக்கம் 2019ல, எல்எல்விஎம் 9ல அதிகாரபூர்வமாச்சு, படிக்கிறதுக்கு சுத்தமான கோடு அதுதான். புதுசா ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் சேக்கணும்னா சி ப்ளஸ் ப்ளஸ்ல ஆரம்பிக்க மாட்டீங்க, புள்ளி டிடி ஃபைல்ல டேபிள்ஜென் மொழில எழுதணும், அதுல இருந்து அசெம்பிளர், டிஸ்அசெம்பிளர், இன்ஸ்ட்ரக்ஷன் தேர்வு எல்லாம் கட்டும்போது தன்னால உருவாகும். எர்ரர் மெசேஜ் சுசா, கஷ்டம்தான், பழகணும். மொதல்ல அசெம்பிளர்ல ஏறுதான்னு மட்டும் பாருங்க, கோடு ஜெனரேஷன் அப்புறம். இதுக்கு தனியா ஒரு நாள் எழுதுறேன்.

டெஸ்ட்

எல்எல்விஎம்ல டெஸ்ட் இல்லாத பேட்ச (நாம அனுப்புற கோடு மாத்தத்த) யாரும் ஏறெடுத்துப் பாக்க மாட்டாங்க. டெஸ்ட்ன்னா அதே புள்ளி எல்எல் ஃபைல், முதல் வரில கமெண்ட்ல ரன்னு போட்டு என்ன கமாண்ட் ஓட்டணும்னு எழுதணும், எதிர்பாக்குற விடை செக்குன்னு ஆரம்பிக்கிற வரிகள்ல. செக் வரிய கையால எழுதாதீங்க, யூட்டில்ஸ் ஃபோல்டர்ல அப்டேட் டெஸ்ட் செக்ஸ்னு பைத்தான் ஸ்க்ரிப்ட் இருக்கு, அதுவே எழுதிரும். எழுதுன பிறகு நீங்க கண்ணால படிக்கணும், தப்பான விடையையும் அது அப்படியே “இதுதான் சரி”ன்னு எழுதி வெக்கும்.

ரிவியூவர்ங்களுக்கு புடிச்ச பழக்கம் ஒண்ணு சொல்றேன். மொதல்ல டெஸ்ட மட்டும் ஒரு கமிட்டா போடுங்க, இப்போதைய விடையோட. ரெண்டாவது கமிட்ல கோடு மாத்தம், மாறுன செக் வரி. அப்போ படிக்கிறவங்களுக்கு உங்க மாத்தம் என்ன பண்ணுதுன்னு ரெண்டு வரி வித்தியாசத்துலயே தெரிஞ்சிரும், அவங்க மூளைல ஓட்டிப் பாக்கத் தேவையில்ல. பில்ட் ஃபோல்டர்ல இருக்குற எல்எல்விஎம் லிட்ட (டெஸ்ட் ஓட்டுற டூல்) எடுத்து நீங்க தொட்ட டெஸ்ட் ஃபோல்டர மட்டும் ஓட்டுங்க, ஆயிரக்கணக்குல இருக்குற மொத்தத்தையும் ஓட்ட ராத்திரி விட்டுக்கலாம்.

அனுப்புறது, காத்துக்கிட்டு இருக்குறது

2023 செப்டம்பர்ல இருந்து ரிவியூ எல்லாம் கிட்ஹப் புல் ரிக்வெஸ்ட்லதான் (என் மாத்தத்த சேத்துக்குங்கன்னு கேக்குறது). முதல் பேட்சுக்கு “குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ” லேபிள் இருக்குறதுல ஒண்ணு எடுங்க, யாராவது ஏற்கனவே கை வெச்சிருக்காங்களான்னு கமெண்ட படிச்சிட்டு எடுங்க. தலைப்புல சதுர அடைப்புக்குள்ள எந்தப் பகுதின்னு போடணும், இன்ஸ்ட்கம்பைன், ரிஸ்க்-ஃபைவ் அந்த மாதிரி. நடத்தை மாறாத சுத்தம் பண்ற வேலைன்னா என்எஃப்சின்னு சேத்துக்குங்க. ஒரு பேட்ச் ஒரு விஷயம். போற வழில இருந்த எழுத்துப்பிழையையும் திருத்திட்டேன்னு வந்தா அத தனியா கொண்டு வாங்கன்னு திருப்பி அனுப்புவாங்க. கிட் கிளாங் ஃபார்மட் ஓட்டிட்டு அனுப்புங்க, நீங்க தொட்ட வரிய மட்டும் அது சரி பண்ணும், மொத்த ஃபைலையும் ஃபார்மட் பண்ணிடாதீங்க. கிட்ஹப்ல மெயில மறச்சு வெச்சிருந்தா ஒரு பாட் வந்து திறக்கச் சொல்லும், அது ஏமாத்து வேலை இல்ல, அவங்க வழக்கம் அது. இதுக்குன்னு தனி மெயில் ஒண்ணு வெச்சுக்குங்க. பெரிய மாத்தம்னா, புது பாஸ், புது டார்கெட், ஐஆர்லயே கை வெக்கிறதுன்னா, கோடு எழுதுறதுக்கு முன்னாடி ஆர்எஃப்சின்னு யோசனைய எழுதி வெச்சு பேசணும். ஆறு மாசம் எழுதிட்டு கொண்டு போய் நின்னா வேணாம்னு சொல்றதுக்கு அவங்களுக்கும் சங்கடம்.

கலிஃபோர்னியால காலைல ஒம்போது மணின்னா நமக்கு நடு ராத்திரி பன்னெண்டோ ஒண்ணோ. அதனால அமெரிக்காக்காரங்க பதில் நீங்க தூங்குறப்போதான் வரும், ஒரு கேள்விக்கு பதில் சொல்லி அடுத்த கேள்வி வாங்க ஒரு நாள் ஆகும். கமெண்ட் கடுமையா தெரியும், “இது ஏன் வேணும்?”னு மொட்டையா ஒரு வரி. திட்டுறதா எடுத்துக்காதீங்க, அவங்களுக்குள்ளயும் அப்படித்தான் பேசிக்கிறாங்க. தம்பிக்கு முதல் தடவ அப்படி ஒண்ணு வந்தப்போ ஹென்போன தூக்கிட்டு வந்து “கோவமா இருக்காரு போலணே, ‘சாரி சார்’னு போடட்டுமா?”ன்னான். சார் வேணாம், சாரியும் வேணாம், ஏன் வேணும்னுதான கேக்குறாரு, மூணு வரில பதில் போடுடான்னேன், கூட ஆலைவ்2 லிங்க் ஒட்டுன்னேன். ஒரு வாரம் சத்தமே இல்லன்னா “பிங்”னு ஒரே வார்த்தை போடலாம், அது மரியாதைக் குறைவு இல்ல. தினமும் போட்டா அது வேற. எல்ஜிடிஎம்னு வந்தா ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம், ஆனா உங்களுக்கு மெர்ஜ் பண்ற (மாத்தத்த உள்ள சேக்குற) உரிமை இருக்காது, “எனக்கு கமிட் ஆக்சஸ் இல்ல, மெர்ஜ் பண்ணி விடுங்க”ன்னு ஒரு வரி போடணும். அத போடாம தம்பியோடது பத்து நாள் பச்சைல நின்னுச்சு, அவங்க இவன் பண்ணுவான்னு இருந்திருக்காங்க, இவன் அவங்க பண்ணுவாங்கன்னு இருந்திருக்கான்.

மெர்ஜ் ஆன பிறகு ரெண்டு மூணு மணி நேரம் மெயில பாத்துக்கிட்டு இருங்க. உலகம் பூரா இருக்குற பில்ட்பாட்டுங்க உங்க கமிட்ட எடுத்து வெவ்வேற மெஷின்ல கட்டும், எங்கயோ ஒரு பிக் எண்டியன் (பைட் வரிசைய நம்மளதுக்கு தலைகீழா வெக்கிற) மெஷின்ல டெஸ்ட் விழுந்தா உங்க பேருக்கு மெயில் வரும். சில நேரம் உங்களுக்கு முன்னாடி போனவன் தப்புக்கும் சேத்து வரும், லாக் படிச்சாத்தான் தெரியும். உங்க தப்புதான்னா, உடனே சரி பண்ண முடியலன்னா ரிவெர்ட் பண்ணிடச் (மாத்தத்த திரும்ப எடுத்துடச்) சொல்லுங்க, இல்ல அவங்களே பண்ணிட்டாலும் வருத்தப்படாதீங்க, பெரிய பெரிய ஆளுங்களோடதும் வாரா வாரம் ரிவெர்ட் ஆகிக்கிட்டுத்தான் இருக்கு. சரி பண்ணிட்டு, என்ன மாறுச்சுன்னு மெசேஜ்ல ஒரு பத்தி சேத்து, ரீலேண்ட்னு தலைப்புல போட்டு மறுபடி அனுப்புங்க.